மடத்து மதிலுக்குள் ஒரு கொலை: இடைக்கால இங்கிலாந்தைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இடைக்கால இங்கிலாந்தின் துறவு மடங்களைக் களமாகக் கொண்ட கொலைக் கதைகளைப் பல ஆண்டுகளாகத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். நான் படிக்கக் கொடுத்த நண்பர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கதையின் முடிச்சு பெரும்பாலும் அந்தக் கேள்விகளுக்குள்ளேயே கிடப்பதால், எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

கொலைக் கதைக்கு மடம் ஏன் இவ்வளவு பொருத்தமான களம்?

முதல் காரணம் எல்லோருக்கும் தெரியும். சுற்றிலும் மதில், காவலுள்ள வாயில், இரவானால் பூட்டு. உள்ளே இருப்பவர்களில் ஒருவர்தான் கொன்றிருக்க வேண்டும். ஆனால் நடுக்கடலில் ஒரு கப்பலை நிறுத்தியும் இதே கதையைச் சொல்லிவிடலாம்.

மடத்துக்கே உரிய காரணம் வேறு. மதிலுக்கு உள்ளே ஒரு சட்டம், வெளியே இன்னொரு சட்டம். உள்ளே திருச்சபை, வெளியே அரசன். கொன்றவனின் உச்சந்தலை துறவிக்குரிய முறையில் மழிக்கப்பட்டிருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து வழக்கின் போக்கே மாறிவிடும். கொன்றவன் யார் என்று தெரிந்த பிறகும், அவனை யார் தண்டிப்பது என்ற கேள்வி அப்படியே நிற்கும். என்னை இந்தக் கதைகளின் பக்கம் இழுத்துப் பிடித்து வைத்திருப்பது இந்த இரண்டாவது கேள்விதான்.

"இடைக்காலம்" என்றால் எந்த ஆண்டுகள்?

நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய 1066 முதல், அரசர் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்த 1536-1540 வரை என்று வைத்துக்கொள்ளலாம். கலைக்கப்பட்டபோது ஏறக்குறைய 800 துறவு இல்லங்கள் இருந்தன. அவை எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) துறவிகளுக்கு எழுதிய ஒழுங்குமுறையைப் பின்பற்றிய கருப்பு அங்கித் துறவிகள் பெரும்பாலும் ஊர்களுக்கு நடுவிலோ ஓரத்திலோ வாழ்ந்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் வந்த வெள்ளை அங்கி சிஸ்டர்சியன் துறவிகள் ரீவோ, ஃபவுன்டன்ஸ் போன்ற ஒதுக்குப்புறப் பள்ளத்தாக்குகளைத் தேடிப் போனார்கள். பிரான்சிஸ்கன், டொமினிக்கன் சபையினர் 1220களில் வந்து தெருத்தெருவாகப் போதித்தவர்கள். அவர்களை மடத்துக்குள் அடைபட்ட துறவிகளாகக் காட்டும் கதையைப் பார்த்தால், எழுதியவர் அவசரப்பட்டிருக்கிறார் என்று கொள்ளலாம்.

இத்தனை பதவிப் பெயர்கள் வருகின்றனவே, எல்லாவற்றையும் நினைவில் வைக்க வேண்டுமா?

வேண்டாம். யாரிடம் எந்தச் சாவி இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். மடாதிபதிக்குத் தனி வீடு உண்டு. பெரும் மடங்களில் அவர் பாதி நாட்கள் ஊரிலேயே இருக்கமாட்டார். நிலங்களைப் பார்க்கவும் அரசவைக்கும் போய்விடுவார். அவருக்கு அடுத்த இடத்தில் இருக்கும் முதல்வர்தான் அன்றாடம் மடத்தை நடத்துபவர். உக்கிராணக்காரரிடம் தானியமும் மதுவும் பணமும். கோவில்பிள்ளையிடம் பொன் பாத்திரங்களும் மெழுகுவர்த்திகளும் புனிதர் எலும்புகளும். நோயாளர் இல்லத்தைப் பார்க்கும் துறவியிடம் மருந்துகள், அதாவது நஞ்சுகள். பாடற்குழுத் தலைவரிடம் புத்தகங்கள். வாயில்காப்பவரிடம், வந்தவர் போனவர் அனைவரின் முகங்களும்.

வாயிலுக்கு வயது முதிர்ந்த, விவரமறிந்த ஒருவரை வைக்க வேண்டும் என்று ஆசீர்வாதப்பரின் ஒழுங்குமுறை சொல்கிறது. வயதாகிவிட்டால் ஊர் சுற்ற மனம் வராது என்பதும் அங்கே சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அந்தக் கிழவரின் கண்பார்வை மங்கிவிட்டிருந்தால் என்னவாகும்? ஒரு கதையை அங்கிருந்தே தொடங்கலாம்.

கடிகாரம் இல்லாத காலத்தில் "அந்த நேரத்தில் எங்கே இருந்தாய்?" என்று கேட்க முடியுமா?

நம் காலத்தைவிட நன்றாகவே கேட்கலாம். நள்ளிரவுக்குப் பின் முதல் வழிபாடு, விடியலில் அடுத்தது, பிறகு பகலில் சிறு வழிபாடுகள், மாலைப்புகழ், படுக்கைக்கு முன் இரவுச் செபம். ஒரு நாளில் எட்டு முறை எல்லோரும் ஒரே இடத்தில், அவரவர் இருக்கையில் நிற்க வேண்டும். இருக்கையும் மடத்தில் சேர்ந்த நாளின் வரிசைப்படிதான். ஓர் இடம் காலியாக இருந்தால் கோவில் முழுக்கத் தெரிந்துவிடும்.

இருட்டில் தூங்கிவழிந்தவரும் தப்ப முடியாது. கேன்டர்பரி பேராயர் லான்ஃபிராங்க் 11ஆம் நூற்றாண்டில் தம் துறவிகளுக்கு எழுதிக்கொடுத்த விதிகளில், இரவு வழிபாட்டின்போது ஒருவர் விளக்கை எடுத்துக்கொண்டு சுற்றி வருவார். தூங்குபவர் முன்னால் அந்த விளக்கை வைத்துவிட்டுப் போய்விடுவார். விழித்துக்கொண்டவர் விளக்கை எடுத்துக்கொண்டு மற்றவர்களைச் சுற்றிவர வேண்டும். ஓர் இரவில் அந்த விளக்கு யார் முன்னால் வைக்கப்பட்டது, ஏன் அவர் எழவில்லை என்று எண்ணிப்பாருங்கள்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. பகல் நேரத்தை அவர்கள் 12 பங்காகப் பிரித்தார்கள். பகல் நீண்டால் மணியும் நீளும். வட இங்கிலாந்தின் டர்ஹம் நகரில் நடுக்கோடையின் ஒரு "மணி" நம் கணக்கில் ஏறக்குறைய 87 நிமிடம். நடுக்குளிர்காலத்தில் வெறும் 36 நிமிடம். ஜூன் மாதத்தில் இரண்டு வழிபாடுகளுக்கு இடையே போய்க் கொன்றுவிட்டு வர நேரமிருக்கும், டிசம்பரில் இருக்காது. இந்தக் கணக்கைச் சரியாகப் போட்ட கதையைப் படிக்கும்போது எனக்கு உண்டாகும் மகிழ்ச்சி தனி.

கடிகாரமே இல்லை என்பதும் முழு உண்மையன்று. 1198இல் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்தில் புனித எட்மண்டின் கல்லறைப் பீடம் தீப்பற்றியபோது, துறவிகளில் சிலர் கிணற்றை நோக்கியும் சிலர் கடிகாரத்தை நோக்கியும் ஓடினார்கள் என்று அங்கே வாழ்ந்த துறவி ஜோசலின் எழுதிவைத்திருக்கிறார். அது நீர்க்கடிகாரம். தீயணைக்க அதில் தண்ணீர் இருந்தது.

துறவிகள் பேசவே மாட்டார்கள் என்கிறார்களே? அப்படியானால் விசாரணை எப்படி நடக்கும்?

பேசுவார்கள். உணவறையிலும் படுக்கையறையிலும் கோவிலிலும் மௌனம். இரவுச் செபத்துக்குப் பிறகு எங்கும் மௌனம். பேச அனுமதிக்கப்பட்ட நேரமும் இடமும் தனியே உண்டு. மௌன நேரத்தில் கைச்சைகை. ரொட்டிக்கு, மீனுக்கு, புத்தகத்துக்கு என்று பட்டியலே இருந்தது. ஆகவே ஓர் இரவில் மனிதக் குரல் கேட்டதென்றால் அதுவே தடயம்.

காலையில் அவைக்கூடத்தில் கூடுவார்கள். ஒழுங்குமுறையிலிருந்து ஓர் அதிகாரம் வாசிக்கப்படும். பிறகு தன் குற்றத்தைத் தானே சொல்லலாம். பிறர் குற்றத்தை அவர் முன்னிலையிலேயே எடுத்துச் சொல்லவும் செய்யலாம். நாள்தோறும் ஒருவரையொருவர் குற்றம்சாட்டிப் பழகிய ஐம்பது பேரின் மனத்தில் என்னென்ன உறைந்துகிடக்கும்! நாவலாசிரியர் தனியே பகையைக் கற்பிக்க வேண்டியதே இல்லை.

துறவியிடம் கத்தி இருக்குமா?

இருக்கும். கத்தி, எழுத்தாணி, ஊசி, கைக்குட்டை, எழுதுபலகை ஆகியவற்றை மடாதிபதியே கொடுக்க வேண்டும் என்பது விதி. சொந்தம் என்று எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஒளித்துவைத்த பொருள் இருக்கிறதா என்று படுக்கைகளைச் சோதிக்கவும் விதி உண்டு. அங்கியோடும் இடைக்கச்சையோடும் உறங்க வேண்டும், ஆனால் தூக்கத்தில் காயம்படாதிருக்க இடையில் கத்தி இருக்கக் கூடாது என்றும் அதே நூல் சொல்கிறது. படுக்கையறையில் விடியும்வரை ஒரு விளக்கு எரிய வேண்டும் என்றும் சொல்கிறது. விளக்கு அணைந்திருந்தது, கத்தி இடுப்பில் இருந்தது என்று இரண்டு வரி எழுதினால் போதும். இரண்டு விதிகள் மீறப்பட்டதை அந்தக் காலத்துத் துறவி உடனே கண்டுகொள்வான்.

நஞ்சு?

மருந்துத் தோட்டத்தில் ஹென்பேன், ஹெம்லாக் என்ற நச்சுச்செடிகளும் அபினிச் செடியும் உண்டு. இங்கிலாந்தில் "ட்வேல்" என்றொரு மயக்கப் பானம் இருந்தது. பன்றியின் பித்தநீர், ஹெம்லாக், ஹென்பேன், அபினி, காடி ஆகியவற்றைச் சேர்த்துக் காய்ச்சி, மதுவில் கலந்து, காயத்தை அறுப்பதற்கு முன் நோயாளிக்குக் கொடுப்பார்கள். அளவு கூடினால் எழமாட்டார். துறவியின் முக்காடு போலப் பூக்கும் நச்சுச்செடிக்கு "துறவி முக்காடு" என்றே ஆங்கிலப் பெயர். கதைகளில் அது அடிக்கடி தலைகாட்டுவதற்கு அந்தப் பெயரும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஆண்டுக்குச் சில முறை துறவிகளுக்கு ரத்தம் எடுக்கும் வழக்கமும் உண்டு. எடுத்தவர்கள் இரண்டு மூன்று நாட்கள் ஓய்வில் இருப்பார்கள். நல்ல உணவு கிடைக்கும், பேச்சுக்கும் தளர்வு உண்டு. வழிபாட்டில் ஒருவர் இல்லாததற்குக் கேள்வியே எழாத நாட்கள் அவை.

திடீர் மரணம் அவர்களை ஏன் அவ்வளவு உலுக்கியது? கதைகளில் மிகைப்படுத்துகிறார்களா?

இல்லை. சொல்லப்போனால் பல கதைகள் இதைக் குறைத்தே காட்டுகின்றன. மடத்தில் ஒருவர் தனியாகச் சாவதில்லை. இறுதி நெருங்கியதும் தரையில் சாம்பல் தூவி, முரட்டுச் சாக்குத்துணி விரித்து, அவரை அதன்மேல் கிடத்துவார்கள். மரப்பலகையைத் தட்டுவார்கள். அந்த ஓசை கேட்டதும் யார் எந்த வேலையில் இருந்தாலும் விசுவாச அறிக்கையைச் சொல்லிக்கொண்டே ஓடிவர வேண்டும். நடக்கவேண்டிய இடங்களில் ஓட அனுமதித்த மிகச் சில வேளைகளுள் அது ஒன்று. இறந்தவர் குருவானால் குருமாரே உடலைக் கழுவுவார்கள்.

இப்படி வாழ்நாள் முழுவதும் ஒரு நல்ல சாவுக்காகத் தன்னைத் தயார்செய்துகொண்ட மனிதனை, பாவமன்னிப்புக் கேட்க ஒரு நொடி கொடுக்காமல், இருட்டில் பின்னாலிருந்து வெட்டுகிறான் ஒருவன். அவர்கள் பார்வையில் அவன் உடலோடு ஆன்மாவின் கதியையும் பறித்துவிட்டான். உடலைக் கழுவும்போது காயத்தைக் காண்பவர்களும் அதே சகோதரர்கள். யாரும் தடயவியல் கற்றவர்கள் அல்லர். ஆனால் அந்தக் கைகள் நாற்பது, ஐம்பது உடல்களைக் கழுவியவை. எது நோய்ச்சாவு, எது அல்ல என்று அவர்களுக்குத் தெரியும்.

சரி, யார் விசாரிப்பார்கள்?

உடலைக் கண்டவர் உடனே கூக்குரல் எழுப்ப வேண்டும். கேட்டவர் எல்லோரும் குற்றவாளியைத் துரத்த வேண்டும். பேசாமல் இருந்தால் அதற்கே அபராதம். பிறகு மரண விசாரணை அதிகாரி வருவார். 1194இல் உருவான பதவி அது. இலங்கையில் இன்றும் உள்ள "திடீர் மரண விசாரணை அதிகாரி" இந்தப் பதவியின் வழிவந்தவர்தான். அவர் வந்து பார்க்கும்வரை உடலைப் புதைக்கக் கூடாது. சுற்றியுள்ள ஊர்களின் ஆட்களைக் கூட்டி, ஆடை களைந்த உடலைப் பார்த்து, காயங்களின் நீளம் ஆழம் அகலம் அளந்து எழுதிக்கொள்வார். கொன்ற ஆயுதத்துக்கு விலை மதிப்பிடுவார். அந்தத் தொகை அரசனுக்கு. அரசனுக்கு வரவேண்டிய வருமானத்தைக் காப்பதே அந்தப் பதவியின் முதல் நோக்கம். நீதி அதனோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

பரி செயின்ட் எட்மண்ட்ஸ் போன்ற பெரிய மடங்களுக்குச் சுற்றுவட்டாரம் முழுவதும் தனி ஆட்சியுரிமை இருந்தது. அங்கே அரசனின் ஆட்கள் விருப்பம்போல் நுழைய முடியாது. ஆகவே முதலில் கேட்க வேண்டியது, "இது யாருடைய மண்?"

இன்னொன்று: 1215இல் திருச்சபையின் லாத்தரன் பொதுச்சங்கம், குற்றவாளியைக் கண்டறியும் நெருப்பு, நீர்ச் சோதனைகளில் குருமார் பங்கெடுக்கத் தடை விதித்தது. 1219இல் இங்கிலாந்து அவற்றைக் கைவிட்டது. அதற்கு முன் பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பிடித்து நடந்தவன் கையைப் பார்த்துக் கடவுள் தீர்ப்பு அறிந்தார்கள். அதற்குப் பின் நடுவர் குழுவான பன்னிரண்டு பேர் சொல்வதைக் கேட்டார்கள். சாட்சியும் தடயமும் எடைபெறும் கதை வேண்டுமானால் 1219க்குப் பிந்திய காலம் உகந்தது.

கொன்றவர் துறவியே என்றால் தூக்குத்தண்டனை உண்டா?

பெரும்பாலும் இல்லை. திருநிலையினருக்கு, அதாவது குருமாருக்கும் துறவிகளுக்கும், உரிய சலுகையைக் கோரினால் அரசனின் நீதிமன்றம் அவரை ஆயரிடம் ஒப்படைக்க வேண்டும். திருச்சபை நீதிமன்றம் ரத்தம் சிந்தும் தண்டனை தராது. ஆயரின் சிறை, தவம், பதவி நீக்கம், அல்லது வேறொரு கடுமையான மடம். தன் நேர்மைக்குச் சத்தியம் செய்யப் போதிய துணையாட்களைக் கொண்டுவந்தால் விடுதலையும் உண்டு.

காலப்போக்கில் படிக்கத் தெரிந்தாலே குரு என்று ஏற்கும் நிலை வந்தது. சோதனைக்குக் கொடுக்கப்பட்டது பெரும்பாலும் கடவுளின் இரக்கத்தைக் கெஞ்சும் 51ஆம் திருப்பாடலின் முதல் அடி. கழுத்தைக் காப்பாற்றியதால் அதற்குக் "கழுத்து வசனம்" என்று பெயர். எழுத்தே தெரியாமல் அதை மனப்பாடம் செய்தவனும் பிழைத்துக்கொள்ள இடமிருந்தது.

கேன்டர்பரி பேராயர் தாமஸ் பெக்கெட்டின் கொலையும் இதனால்தானா?

வேர் அங்கேதான். குற்றம் செய்த குருவைத் திருச்சபை பதவி நீக்கிய பிறகு அரசனின் நீதிமன்றம் தண்டிக்க வேண்டும் என்று அரசர் இரண்டாம் ஹென்றி 1164இல் கிளாரன்டன் என்ற இடத்தில் விதி எழுதவைத்தார். ஒரே குற்றத்துக்கு இரு தண்டனை ஆகாது என்றார் பேராயர் பெக்கெட். 1170 டிசம்பர் 29 மாலை, துறவிகள் வழிபாட்டில் இருந்த வேளையில், நான்கு வீரர்கள் கேன்டர்பரி பேராலயத்துக்குள் அவரை வெட்டிக் கொன்றார்கள். கொன்றவர்கள் யார் என்பது அன்றே எல்லோருக்கும் தெரியும். அவர்களில் ஒருவரும் தூக்கிலேறவில்லை.

உண்மையிலேயே மடங்களில் கொலை நடந்ததா?

நடந்தது. 1248இல் தெட்ஃபர்ட் மடத்தின் முதல்வரை அவருடைய துறவிகளில் ஒருவரே கத்தியால் குத்திக் கொன்றார். கொன்றவர் வேல்ஸ் நாட்டவர். முதல்வர் சவோய் நாட்டவர். தம் சகோதரர்களை வரவழைத்து மடத்தில் விருந்தும் கூத்துமாக வாழ்ந்தவர் என்று அதே காலத்தில் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தில் வரலாறு எழுதிய மாத்யூ பாரிஸ் சாடுகிறார். அதில் மர்மம் ஒன்றும் இல்லை, கோபம் மட்டுமே.

மர்மமும் சூழ்ச்சியும் வேண்டும் என்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது எக்ஸெட்டர் வழக்கு. அது துறவு மடமன்று, பேராலயம். ஆனால் மடத்துக் கதைகள் கற்பனையாகச் சொல்லும் அத்தனையும் அங்கே நடந்தது.

தென்மேற்கு இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பேராலயத்தை ஒரு குருமன்றம் நிர்வகித்தது. அதன் உறுப்பினர்கள் பொதுப் படுக்கையறையில் உறங்குவதில்லை. பேராலயத்தைச் சுற்றித் தனித்தனி வீடுகளில் வாழ்ந்தார்கள். மன்றத்தின் தலைமைக் குரு பதவிக்கு ஜான் பைகாட் என்ற உள்ளூர்க்காரர் வந்தார். அந்தத் தேர்தலே முறையாக நடக்கவில்லை என்று சச்சரவு. 1280இல் ஆயரான பீட்டர் குவினலுக்கு அவரைக் கொஞ்சமும் பிடிக்காது. பைகாட்டுக்கு நகரத்துப் பெரியவர்களின் ஆதரவு இருந்தது. ஆயர் தம் பக்கத்துக்கு வலு சேர்க்க, வெளியூரிலிருந்து வந்த வால்டர் லெச்லேட் என்பவரைப் பாடற்குழுத் தலைவராக்கினார். தலைமைக் குருவுக்கு அடுத்த நிலைப் பதவி அது. பேராலயம் இரண்டுபட்டது. ஒரு பக்கம் ஆயரும் லெச்லேடும். மறுபக்கம் தலைமைக் குருவும் ஊரும்.

1283 நவம்பர் 9, விடியலுக்கு நெடுநேரம் முன். இரவு வழிபாடு முடிந்து லெச்லேட் கோவிலிலிருந்து வீட்டுக்கு நடக்கிறார். சில நூறு அடிகள்தாம். வழியில் காத்திருந்தவர்கள் அவரை வெட்டிச் சாய்த்துவிட்டு மறைந்தார்கள். இரவில் பூட்டியிருக்க வேண்டிய நகரின் தெற்கு வாயில் அன்று திறந்து கிடந்தது.

என்னை உறையவைப்பது அந்த வாயில்தான். இருட்டில் வெட்டுபவன் யாராகவும் இருக்கலாம்; கூலிக்கு ஆள் கிடைக்கும். ஆனால் வாயிலைத் திறந்துவைக்க ஊரின் அதிகாரம் வேண்டும்.

குற்றம்சாட்டப்பட்டோர் பட்டியலில் தலைமைக் குருவும் வேறு குருமாரும் நகர மேயர் ஆல்ஃபிரட் டுபோர்ட்டும் இருந்தார்கள். ஆனால் வழக்கு நகரவில்லை. உள்ளூர் ஆட்களைக் கொண்ட நீதிமன்றம் உள்ளூர் மேயரைத் தண்டிக்குமா? இரண்டு ஆண்டுகள் ஓடின. ஆயர் அரசரிடம் முறையிட்டார். 1285 கிறிஸ்துமஸ் வேளையில் முதலாம் எட்வர்ட் அரசி எலினாருடன் எக்ஸெட்டருக்கே வந்து, விசாரணை நடக்கச் செய்தார். மேயரும் தெற்கு வாயிலின் காவலரும் தூக்கிலிடப்பட்டார்கள். ஒரு நகர மேயர் தூக்கிலேறியது இங்கிலாந்து வரலாற்றில் மிக அரிது.

தலைமைக் குருவும் மற்றக் குருமாரும் என்ன ஆனார்கள்? தாங்கள் திருநிலையினர் என்றார்கள். அரசனின் நீதிபதிகள் அவர்களைத் திருச்சபையிடம் ஒப்படைத்தார்கள். குருமாரில் ஒருவர் கழுத்தும் கயிற்றைப் பார்க்கவில்லை. ஒரே கொலை, ஒரே சூழ்ச்சி. கதவைத் திறந்துவைத்தவன் செத்தான். அந்தக் கொலையால் பலன் பெறக்கூடியவர் பிழைத்தார். எந்த நாவலாசிரியரும் இதைவிடக் கசப்பான முடிவை எழுதிவிடவில்லை.

துரத்தப்படுபவன் கோவிலுக்குள் ஓடிவிட்டால் தொட முடியாதாமே?

உண்மைதான், ஆனால் காலவரம்பு உண்டு. பொதுவாக 40 நாட்கள். அதற்குள் விசாரணைக்கு வர வேண்டும். அல்லது குற்றத்தை ஒப்புக்கொண்டு நாட்டைவிட்டே போவதாகச் சத்தியம் செய்து, சொன்ன துறைமுகத்துக்குச் சொன்ன வழியில் நடந்து போக வேண்டும். டர்ஹமில் 37 நாட்கள். அங்கே பேராலயத்தின் வடவாயிலில் உள்ள சிங்கமுக வளையத்தைத் தட்டினால் கதவு திறக்கும், மணி அடிக்கும், தோளில் மஞ்சள் சிலுவை தைத்த கருப்பு அங்கி கொடுப்பார்கள், உணவும் கொடுப்பார்கள். தேடப்படும் கொலையாளிக்குத் துறவிகள் நாள்தோறும் சோறு போட்ட வீடு அது. உள்ளே ஒரு கொலை நடந்தால் முதல் சந்தேகம் யார் மேல் விழும் என்று சொல்லவே வேண்டாம். அதனாலேயே அவன் கொன்றிருக்கமாட்டான் என்று வாசகர்களும் முடிவுகட்டிவிடுகிறார்கள்.

கொலைக்கு என்ன காரணம் இருக்கும்? பக்தர்கள்தாமே?

பக்தர்கள்தாம், நிலவுடைமையாளர்களும்கூட. 1330களில் செயின்ட் ஆல்பன்ஸ் மடாதிபதி ரிச்சர்ட் வாலிங்ஃபோர்ட், நகரத்தார் தங்கள் வீடுகளில் கை திரிகையில் மாவு அரைக்கக் கூடாது, மடத்து ஆலைக்கே வர வேண்டும் என்று வழக்காடி வென்றார். பறித்த திரிகைக் கற்களைத் தம் மடத்துக் கூடத்தில் தரையாகப் பதித்தார். அரைப்பவளின் கையிலிருந்து பிடுங்கிய கல்மேல் துறவிகள் நடந்தார்கள். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அந்த ஊர் அதை மறக்கவில்லை. 1381 உழவர் கிளர்ச்சியில் மக்கள் உள்ளே புகுந்து அந்தக் கற்களைப் பெயர்த்தெடுத்து உடைத்து, ஆளுக்கொரு துண்டாகக் கொண்டுபோனார்கள். அதே கிளர்ச்சியில் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்து முதல்வர் ஜான் ஆஃப் கேம்பிரிட்ஜின் தலை வெட்டப்பட்டது. வாலிங்ஃபோர்டோ, தம் காலத்தின் மிகச் சிறந்த வானியல் கடிகாரத்தை வடிவமைத்த மேதை. இரண்டும் ஒரே மனிதர்.

திருட்டும் உண்டு. 1303இல் அரசர் ஸ்காட்லாந்துப் போரில் இருந்தபோது, வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில் வைத்திருந்த அரசக் கருவூலம் கொள்ளைபோனது. மடாதிபதியும் 48 துறவிகளும் லண்டன் கோபுரச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள்.

துப்பறிபவராக யாரை வைத்தால் நம்பும்படி இருக்கும்?

மருந்து அறிந்த துறவியை வைப்பது வழக்கமாகிவிட்டது. நான் எழுதுவதாக இருந்தால் சுற்றுக்காவல் துறவியைத் தேர்ந்தெடுப்பேன். மடத்தின் மூலைமுடுக்கெல்லாம் சுற்றிவந்து, யார் கடமை தவறினார்கள் என்று கவனித்து, அடுத்த நாள் அவைக்கூடத்தில் சொல்வது அவர் வேலை. சுற்றும்போது யாரிடமும் பேசக் கூடாது. பார்க்க மட்டும் உரிமையுள்ளவர், எல்லோராலும் வெறுக்கப்படுபவர். அவரிடம் உண்மை இருக்கும், நண்பர் இருக்கமாட்டார்.

கதைகளில் அடிக்கடி காணும் பிழைகள்?

சித்திரவதை அறையும், மதபேதத்தைத் துருவும் திருச்சபையின் விசாரணைச் சபையும் முதல் பிழை. இங்கிலாந்தின் பொதுச்சட்டம் வாக்குமூலத்துக்காகச் சித்திரவதை செய்வதை ஏற்கவில்லை. போப்பின் விசாரணையாளர்கள் அங்கே வந்தது 1309இல் டெம்ப்ளர் என்ற போர்த்துறவியர் சபை வீரர்களை விசாரிக்க. அது பெரும் விதிவிலக்கு. மதபேதத்துக்காக எரிப்பதற்குத் தனிச் சட்டம் வந்தது 1401இல்தான். அமெரிக்காவிலிருந்து பின்னாளில் வந்த உருளைக்கிழங்கை மடத்துச் சமையலறையில் கண்டால் புத்தகத்தை மூடிவிடலாம்.

இந்த இடங்களை இன்று போய்ப் பார்க்க முடியுமா?

முடியும். ஃபவுன்டன்ஸிலும் ரீவோவிலும் கூரையற்ற சுவர்கள் நிற்கின்றன. டர்ஹம் பேராலயம் முழுதாக இருக்கிறது. கதவில் இப்போதுள்ள சிங்கமுக வளையம் நகல், மூல வளையத்தைப் பேராலயத்திலேயே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

எக்ஸெட்டருக்குப் போனால் பேராலயத்தைச் சுற்றியுள்ள வெளியில் சற்று நேரம் நடந்து பாருங்கள். லெச்லேட் இறந்தபோது அதைச் சுற்றி மதில் கிடையாது. யாரும் எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம். விசாரணை முடிந்து சில நாட்களில், 1286 தொடக்கத்தில், அந்த வெளியைச் சுற்றி மதில் எழுப்பி வாயில்கள் வைக்க அரசர் ஆயருக்கு அனுமதி கொடுத்தார். அதன் பிறகு இரவு வழிபாடு முடிந்து வீட்டுக்கு நடந்த குருமார், தாழிட்ட கதவுகளுக்கு உள்ளே நடந்தார்கள்.